மாண்டலேக்குப் பணம் போகும் வழி

மாயாபந்தர்,
ஏப்ரல், 2025.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். மியான்மர் நிலநடுக்கத்துக்காக உங்கள் விடுதியில் பணம் திரட்டியதையும், நீங்கள் கேட்காமலே பழைய துணி மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்ததையும் உன் அப்பா சொன்னான். எங்கே, யாரிடம் கொடுப்பது என்று நீ கேட்டாயாம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. உன் தோழிகளும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சென்னையில் உன்னோடு படிப்பவர்களுக்கு மியான்மர் எங்கோ இருக்கும் நாடு. அந்தமானில் இருக்கும் நமக்கு அப்படியில்லை. மாயாபந்தரிலிருந்து நேராக அளந்தால் ரங்கூன் ஏறத்தாழ 550 கிலோமீட்டர். சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். மார்ச் 28-ஆம் தேதி 7.7 அளவு நிலநடுக்கத்தில் நொறுங்கிய மாண்டலேகூட நமக்குச் சென்னையை விடப் பக்கம்தான். நம் வெபி ஊர்க் கரேன் குடும்பங்கள் 1925-இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். நர்கிஸ் புயல் 2008 மே மாதம் ஐராவதி முகத்துவாரத்தைத் துடைத்தெடுத்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சுமார் 1,38,000 பேர். அப்போதும் இந்தியாவின் முதல் நிவாரணச் சாமான் போர்ட் பிளேரிலிருந்துதான் ஐ.என்.எஸ். ராணா, ஐ.என்.எஸ். கிர்பான் கப்பல்களில் போனது. இந்த முறை ‘ஆபரேஷன் பிரம்மா’ என்ற இந்திய நிவாரணப் பணிக்காக ஐ.என்.எஸ். கார்முக்கும் எல்.சி.யூ. 52-ம் அதே துறைமுகத்திலிருந்து ரங்கூனுக்குக் கிளம்பின.

கப்பல்தான் போகிறதே, நம் மூட்டைகளையும் ஏற்றிவிட்டால் என்ன என்று இங்கேயும் சிலர் கேட்டார்கள். நல்ல மனதோடுதான் கேட்டார்கள். ஆனால் கப்பலில் எது ஏற வேண்டும் என்பது இரண்டு அரசுகள் பேசி முடிவு செய்வது. கூடாரம், மருந்து, சமைக்கச் சாமான், ஆக்ராவிலிருந்து 118 பேர் கொண்ட ராணுவ மருத்துவக் குழு என்று முதலில் போயின. பிறகு ஐ.என்.எஸ். கரியால் 400 டன்னுக்கு மேல் அரிசியும் எண்ணெயும் பிறவும் கொண்டு போனது. அந்த வரிசையில் நம் மூட்டைக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

ஏனென்று கேட்டால், 2005-இல் நாகப்பட்டினத்தைப் பார்த்தவர்களைக் கேள். சுனாமிக்குப் பிறகு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. வீட்டையும் வலையையும் பிள்ளைகளையும் இழந்திருந்தாலும், பிறர் உடுத்திக் கழித்ததை வாங்க மீனவப் பெண்கள் மறுத்துவிட்டார்கள். மானமுள்ளவர்கள். துணி சாலையோரம் குவிந்து கிடந்தது. டெல்லியைச் சேர்ந்த ‘கூஞ்ச்’ அமைப்பு பிறகு அதை வாரி எடுத்து, தரம் பிரித்து, வேறு பயனுக்கு மாற்றியது. ஒரு பேரிடரின் நடுவே அதற்கென்று ஆள், வண்டி, இடம் எல்லாம் செலவாயின.

அதே சுனாமியில் நிக்கோபாருக்குத் தெற்கே, இந்தோனேசியாவில் இருக்கும் ஆச்சேவில் நடந்தது இன்னும் மோசம். இருபது லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலானவற்றின் உறையில் என்ன எழுதியிருக்கிறதென்று அங்குள்ள மருத்துவ ஊழியர்களால் படிக்க முடியவில்லை. சுமார் 600 டன்னை அழிக்க வேண்டியிருந்தது. காலாவதியான மருந்தைக் கண்ட இடத்தில் புதைக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது. அனுப்பியவர்கள் புண்ணியம் செய்தோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஆச்சேக்காரர்கள் தலையில் இன்னொரு சுமை ஏறியிருந்தது.

ஆகவே துணிமூட்டைகளை யார் கொடுத்தார்களோ அவர்களிடமே கொடுத்துவிடு, அல்லது சென்னையிலேயே தேவைப்படுவோரிடம் சேர்த்துவிடு. மாண்டலேக்குப் பணம் மட்டும் போகட்டும். பணமாகப் போனால் அரிசியையும் தார்ப்பாயையும் பக்கத்து ஊர்ச் சந்தையிலேயே வாங்கலாம். கப்பல் கூலி மிச்சம். இடிந்து கிடக்கும் ஊரின் கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் பிழைப்பு திரும்பும்.

சரி, யாரிடம்? நான் கேட்கும் முதல் கேள்வி, மார்ச் 27-ஆம் தேதி அந்த அமைப்பு அங்கே இருந்ததா என்பதுதான். நிலநடுக்கத்துக்கு மறுநாள் முளைத்த அமைப்புக்கு மாண்டலேயின் தெருவும் தெரியாது, பேச்சும் தெரியாது, எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் வரும் என்றும் தெரியாது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து மியான்மரில் உள்நாட்டுப் போர் நடக்கிறது என்பதையும் மறக்காதே. அதிகம் சேதமான சகாயிங் பகுதியில் பல ஊர்கள் ராணுவத்தின் கையில் இல்லை. ஏப்ரல் 1-ஆம் தேதி இரவு நிவாரணம் ஏற்றி வந்த சீனச் செஞ்சிலுவைச் சங்க வாகனங்களை நிறுத்தவே ராணுவம் துப்பாக்கியால் சுட்டது. இப்படிப்பட்ட இடத்தில், இரு தரப்பு ஊர்களுக்குள்ளும் போய்வர எந்த அமைப்பால் முடியும் என்பதுதான் கேள்வி. அமைப்பு எவ்வளவு பெரியது என்று பார்க்காதே, எந்தெந்த ஊரில் வேலை செய்கிறது என்று பார். ஊர்ப் பெயர் சொல்லாத விளம்பரத்தை நம்பாதே.

அடுத்து, கேட்கிற தொகைக்குக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு மார்ச் 30-ஆம் தேதி விடுத்த வேண்டுகோளை எடுத்துக்கொள். ஒரு லட்சம் பேருக்கு, 24 மாதங்களுக்கு, 10 கோடி சுவிஸ் பிராங்க் என்று கேட்டது. எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு என்று மூன்றும் இருந்தால்தான் பின்னால் ‘செய்தீர்களா’ என்று நாம் கேட்க முடியும். ‘மியான்மருக்கு உதவுங்கள்’ என்று மட்டும் சொல்லி அழும் குழந்தையின் படத்தைக் காட்டினால் எதை வைத்துக் கேட்பாய்?

‘போதும்’ என்று சொல்லத் தெரிந்த அமைப்பின் மீது எனக்குத் தனி மதிப்பு. சுனாமி நடந்து சில நாட்களிலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, தன்னால் அங்கே செய்யக்கூடிய வேலைக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, சுனாமிக்கென்று இனி வேண்டாம் என்று அறிவித்தது. உலகமே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அதிகமாக வந்த பணத்தை வேறு நாடுகளின் நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று கொடுத்தவர்களிடமே கேட்டது. பெரும்பாலோர் சம்மதித்தார்கள். அப்போது சில அமைப்புகளுக்கு அந்த முடிவு கோபத்தைத் தந்தது. எனக்கு அது நேர்மையாகத்தான் பட்டது, இன்றும் படுகிறது.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் பணம் போகும் வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ரிசர்வ் வங்கித் திட்டப்படி ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நன்கொடையும் அதில் அடக்கம். பான் எண்ணும் ஏ2 படிவமும் வேண்டும். ஆனால் விடுதிப் பெண்கள் எல்லோரும் கொடுத்ததை உன் பெயரில் அனுப்பினால் அது உன் பணமாகத்தான் பதிவாகும். சிறிய தொகை என்றால் வங்கிக் கட்டணமே கணிசமாகத் தின்றுவிடும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. மியான்மர் அரசு டாலருக்கு 2,100 கியாட் என்று விலை வைத்திருக்கிறது. வெளிச்சந்தையில் ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு. முன்பின் அனுபவம் இல்லாதவர் அனுப்பும் பணம் வழியிலேயே பாதியாகிவிடலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்திய அறக்கட்டளைகளின் வரிவிலக்கு பொதுவாக இந்தியாவுக்குள் செய்யும் செலவுக்குத்தான். வெளிநாட்டில் செலவிட்டால் அந்த விலக்குக்குத் தனி ஒப்புதல் வேண்டும். ஆகவே சென்னையில் ஓர் அமைப்பு ‘உங்கள் பணத்தை மியான்மரில் சேர்ப்போம்’ என்றால், எந்த வழியில், யார் மூலம் என்று கேள். பதில் தெளிவாக வரவில்லையென்றால் வந்துவிடு. தமிழ்நாடு அரசே 2022-இல் இலங்கைக்கு 40,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் அனுப்ப நினைத்தபோது சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு மத்திய அரசின் அனுமதியைக் கேட்டது. பொதுமக்கள் கொடுத்ததும் அரசின் வழியாகத்தான் போனது. எல்லை தாண்டும் உதவிக்கு ஒரு முறை இருக்கிறது. அதை மதிப்பவர்களிடம் கொடு.

வாட்ஸ்அப்பில் வரும் கியூ.ஆர். படத்தை ஸ்கேன் செய்து பணம் போடாதே. தனி மனிதர் பெயரில் கணக்கு இருந்தால் அங்கேயே நிறுத்திவிடு. அமைப்பின் இணையதளத்துக்கு நீயே போய், அலுவலகத்துக்கும் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்.

நானாக இருந்தால் இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தைத்தான் முதலில் கேட்பேன். 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏற்பட்ட அமைப்பு. மற்ற நாடுகளின் சங்கங்களோடு ஏற்கெனவே உறவு உள்ளது. மியான்மருக்கென்று தனியாகப் பணம் வாங்குகிறார்களா, ரசீதில் அப்படியே எழுதித் தருவார்களா என்று கேள். இல்லையென்றால் யுனிசெஃப் இந்தியாவைக் கேள். மியான்மரில் யுனிசெஃப் பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. எங்கே கொடுத்தாலும் ஒரே இடத்தில் கொடு. சிறு தொகையை நாலாகப் பிரித்தால் நாலு இடத்திலும் ரசீதுச் செலவுதான்.

மொத்தத்தையும் இந்த வாரமே கொடுத்துவிடாதே என்பது என் அழுத்தமான யோசனை. இறந்தவர்கள் 3,600-ஐத் தாண்டிவிட்டார்கள் என்று இப்போது எல்லாத் தொலைக்காட்சியிலும் சொல்கிறார்கள், பணமும் வருகிறது. மே கடைசியில் பருவமழை தொடங்கும். அதற்குள் கேமராக்கள் வேறு ஊருக்குப் போயிருக்கும். நம் தீவுகளில் சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகைகள் சீக்கிரமே வந்துவிட்டன. வெயிலில் உள்ளே உட்கார முடியாது. நிரந்தர வீடு கைக்கு வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் யாரும் உண்டியல் குலுக்கவில்லை.

அதனால் பாதியை இப்போது கொடு. மீதியை விடுதியின் பெயரில் வங்கியில் போட்டுவிட்டு, அக்டோபரில் அதே அமைப்புக்கு எழுதி எந்த ஊரில் எத்தனை வீட்டுக்குக் கூரை போட்டார்கள் என்று கேள். பதில் வந்தால் மீதியையும் கொடு. வராவிட்டால் வேறு அமைப்பைத் தேடு. முதல் ரசீதைப் படமெடுத்து, ஐந்து ரூபாய் கொடுத்த பெண்ணுக்கும் அனுப்பிவை. அவளுக்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு.

அன்புடன்,
உன் பெரியப்பா