ஏத்தத்தில் நிற்கும், கராஜில் நிற்காது

கேள்வி: என்னிடம் இருப்பது 1996ஆம் ஆண்டு நிசான் சன்னி, எப்.பி. 14. ஹயருக்கும் வீட்டுத் தேவைக்கும் அதுதான். மூன்று மாதமாக ஒரே தொல்லை. வலப்பனையிலிருந்து இராகலைக்கு ஏறும்போது, ஹல்கரனோயா பக்கத்தில் திடீரென்று எஞ்சின் நின்றுவிடுகிறது. கால் மணித்தியாலம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. நின்ற நேரத்தில் பின் சீட்டுக்குக் கீழே பம்ப் சத்தம் கேட்பதில்லை. கராஜில் விட்டால் மணிக்கணக்காக ஓடுகிறது. பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த பம்ப் ஒன்று எடுத்துப் போட்டோம். மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு அம்மாவை நுவரெலியா கிளினிக்குக்குக் கொண்டுபோன அன்று பழையபடி நின்றுவிட்டது. "மேலே போகப் போக காற்று மெலிசு, பெற்றோல் கொதிக்கிறது" என்கிறார் ஒருவர். புதுப் பம்ப் போடச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
வாசகர், வலப்பனை

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மூன்று வாரம்தான். பம்ப் மாற்ற வேண்டுமென்றால் பின் சீட்டைத் தூக்கி, டாங்க் மூடிக்கு மேலே இருக்கும் கனெக்டரைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அழுத்தி மாட்டுவோம். பச்சைக் களிம்பு பிடித்த பின்கள் உரசுப்பட்டுக் கொஞ்ச நாளைக்குச் சுத்தமாகிவிடும். ஆக, அந்த மூன்று வாரமும் கார் ஓடியது பம்பினாலா, கனெக்டரைக் கழற்றி மாட்டியதாலா? இதற்கு விடை தெரியாமல் இன்னொரு பம்ப் வாங்கினால், இன்னொரு மூன்று வாரத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

நான் பட்டுத் தெளிந்த விஷயம் இது. ஒரு கொரோலாவுக்கு அடுத்தடுத்து இரண்டு பம்ப் போட்டேன். கடைசியில் பார்த்தால் பம்பின் ஏர்த் வயரை பொடியோடு பிடித்திருந்த போல்ட்டில் துரு. கழற்றி, அரத்தாளால் தேய்த்து, இறுக்கியதோடு வருத்தம் தீர்ந்தது. இரண்டாவது பம்பின் காசை உரிமையாளரிடம் திருப்பிக் கொடுத்தேன். முதலாவதின் காசை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

பெற்றோல் கொதிக்கிறது என்றவர் சும்மா சொல்லவில்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்போடு பார்த்தால் அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். ஆனால் இது கார்புரேட்டர் காலத்து வியாதி. அந்த வாகனங்கள் பலவற்றில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்து, பின்னால் இருக்கும் டாங்கிலிருந்து பெற்றோலை உறிஞ்சி இழுக்கும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு, பக்கத்தில் எஞ்சின் சூடு. உள்ளே ஆவி கட்டிக்கொண்டால் பெற்றோல் வராது. பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஆறவைத்துவிட்டு ஏறிய பழைய டிரைவர்கள் அதை அனுபவத்தில் கண்டவர்கள்.

மொறிஸ் மைனரின் கதை வேறு. அதில் இருந்தது எஸ்.யூ. மின்சாரப் பம்ப். பொனட்டைத் திறந்தால் டிக் டிக் என்று அடிப்பது கேட்கும். கொண்டாக்ட் பொயின்ட் தேய்ந்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஸ்பானரால் மெல்ல ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி அடிக்கும். அந்தக் காலத்தில் பம்பே வாய் திறந்து தன் நோயைச் சொல்லியது. (அந்தக் காருக்கான உதிரிப்பாகங்கள் 1990களில் இலங்கையில் செய்யப்பட்டு, அது பிறந்த இங்கிலாந்துக்கே போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.)

உங்கள் சன்னியில் பம்ப் டாங்குக்குள்ளே பெற்றோலில் மூழ்கிக் கிடக்கிறது. அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஏறக்குறைய 36 பி.எஸ்.ஐ., எக்ஸிலேட்டரை மிதித்து ஏறும்போது 43 வரை. குழாயில் இவ்வளவு அழுத்தம் இருக்கையில் நம் மலைக் குளிரில் பெற்றோல் கொதிப்பது லேசில் நடக்காது. அப்படியென்றால் ஏன் ஏத்தத்தில் மட்டும் நிற்கிறது? பதில் இதே கணக்கில்தான் இருக்கிறது. அழுத்தம் 36இலிருந்து 43க்கு ஏறும்போது பம்ப் கூடுதலாக வேலை செய்கிறது, கூடுதலான கரண்டை இழுக்கிறது. நல்ல வயருக்கு அது ஒரு பொருட்டல்ல. களிம்பு பிடித்த பின்னுக்கும், கருகிய ரிலேக்கும், துருப்பிடித்த ஏர்த்துக்கும் அதுவே அதிகம். அந்த இடம் சூடாகிறது, சூடானால் தடை கூடுகிறது, ஒரு கட்டத்தில் தொடர்பு விட்டுப்போகிறது. கால் மணித்தியாலத்தில் ஆறி, திரும்பவும் ஒட்டிக்கொள்கிறது. கராஜில் நிறுத்தி வைத்து எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் அந்தப் பாரம் அதன்மேல் விழாது. அங்கே ஒன்றும் பிடிபடாதது மெக்கானிக்கின் குற்றமில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சின் சுற்றுகிறது என்ற சிக்னல் கிடைக்கும்வரைதான் கம்ப்யூட்டர் பம்பை ஓடவிடும். எஞ்சின் நின்றால் பம்பையும் நிறுத்திவிடும். விபத்தில் குழாய் அறுந்தால் பெற்றோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. எனவே நின்ற காரில் பம்ப் சத்தம் இல்லை என்பது எதையும் நிரூபிக்காது. பம்ப் நின்றதால் எஞ்சின் நின்றதா, எஞ்சின் நின்றதால் பம்ப் நின்றதா என்பதுதான் கேள்வி. உங்கள் எஞ்சினில் அந்தச் சிக்னலை அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள்ளே 360 நுண்ணிய பிளவுகள் வெட்டிய ஒரு மெல்லிய தட்டு சுழல்கிறது. பிளவுகள் வழியாக வரும் ஒளியை ஒரு சென்சர் எண்ணுகிறது. பழைய சீல் வழியாக ஒயில் கசிந்து தட்டில் படிந்தாலும், சூட்டில் சென்சர் சோர்ந்தாலும் எண்ணிக்கை தப்பும். ஸ்பார்க்கும் போகும், பம்பும் நிற்கும், பழி பம்புக்குப் போகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கச் செலவே இல்லாத ஒரு வழி சொல்கிறேன். அடுத்தமுறை நின்றதும் சாவியை முழுக்க ஓப் பண்ணி, பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் ஓன் வரை மட்டும் திருப்புங்கள். ஒருவர் பின் சீட்டில் காதை வைத்துக் கேட்கட்டும். நல்ல நிலையில் உள்ள எப்.பி. 14, எஞ்சின் சுற்றாவிட்டாலும், சாவி ஓன் ஆனதும் சில விநாடிகளுக்கு 'ம்ம்' என்று முனகிவிட்டு அடங்கும். முனகல் கேட்டும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போங்கள். முனகலே இல்லையென்றால் பம்போ, அதற்குப் போகும் மின்சாரமோதான்.

இதற்கு அடுத்ததாக நான் செய்வது பல்பு வைத்தியம். 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து, பம்புக்குப் போகும் இரண்டு வயர்களிலிருந்தும் சீட்டுக்குக் கீழேயே கிளை பிரித்து, கார்பெட்டுக்கு அடியால் கொண்டுவந்து டாஷ்போர்டில் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி வையுங்கள். பிரிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் 2 அம்பியர் பியூஸ் ஒன்று கட்டாயம். அதன்பிறகு வழக்கம்போல ஓடுங்கள். பக்கத்தில் இருப்பவர் பல்பைப் பார்க்கட்டும், நீங்கள் ரோட்டைப் பாருங்கள். ஏத்தத்தில் பல்பு மங்கினால் வயரிலோ கனெக்டரிலோ ரிலேயிலோ தடை இருக்கிறது. எஞ்சின் சோரும்போது பல்பு சட்டென்று அணைந்தால் பம்புக்கு மின்சாரம் வரவில்லை. சாவியை ஓனுக்குத் திருப்பும்போதும் எரியவில்லையென்றால், பல்பின் ஏர்த் வயரை எடுத்து பொடியின் சுத்தமான இரும்பில் வைத்து, சாவியை ஓப் செய்து மறுபடி ஓன் செய்யுங்கள். அப்போது எரிந்தால் குற்றம் ஏர்த்தில். அப்போதும் எரியாவிட்டால் பியூஸ், ரிலே, சாவி சுவிட்ச் என்று பின்னோக்கித் தேடவேண்டும். பல்பு வழமையைவிடப் பளிச்சென்று எரிந்து, பம்ப் சத்தமே இல்லையென்றால், பாரம் இழுக்க வேண்டிய பம்ப் உள்ளே அறுந்துவிட்டது, அதன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போது பம்ப் வாங்குங்கள், நானே சொல்கிறேன்.

ரிலேயைப் பற்றி ஒரு வார்த்தை. 1980, 90களின் ஹொண்டா சிவிக்கில் மெயின் ரிலேக்குள்ளே ஈய ஒட்டில் மயிரிழை வெடிப்பு விழுவது உலகமறிந்த நோய். வெயிலில் நிறுத்திய கார் ஸ்டார்ட் ஆகாது, கண்ணாடியைத் திறந்து ஆறவிட்டால் ஆகும். கண்டி வெக்கையில் நின்ற கார் கந்தப்பளைக் குளிரில் நல்ல பிள்ளையாகிவிடுவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம். உங்கள் பம்ப் ரிலேயைப்போல அதே எண், அதே அளவில் இன்னொன்று காரில் இருந்தால் மாற்றிப் போட்டு ஒரு வாரம் ஓடிப் பாருங்கள்.

பில்டர் அடைப்பு, பெற்றோல் ஊற்றும் வாயின் மூடியில் காற்று போகும் வழி அடைபடுவது, டாங்கில் கால்வாசிக்குக் குறைவாக இருந்து வளைவில் பெற்றோல் ஒதுங்குவது எல்லாம் உண்டு. ஆனால் இவற்றில் எஞ்சின் முதலில் இழுவை இழந்து, திக்கித் திக்கித்தான் சாகும். நீங்கள் எழுதியதோ திடீர்ச் சாவு. இருந்தாலும் நின்றவுடன் பெற்றோல் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே ஸ்டார்ட் ஆனால் விஷயம் அங்கேயே முடிந்தது.

பாவித்த பம்பை நான் விரும்பாததற்கு 2022ஆம் ஆண்டும் ஒரு காரணம். பெற்றோலுக்குக் கியூ.ஆர். முறை வந்த புதிதில் காருக்கு வாரம் 20 லீற்றர். மாதக் கணக்கில் டாங்கின் அடியில் நிற்கும் பெற்றோலிலேயே ஓடினோம். டாங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிரவைப்பதே அதைச் சுற்றி நிற்கும் பெற்றோல்தான். பற்றாக்குறைக்குக் கலனில் சேர்த்து வைத்ததன் தூசியும் துருவும் வேறு. கழற்றி விற்கப்படும் பம்ப் எந்த டாங்கில் என்ன பாடு பட்டதென்று யாருக்குத் தெரியும்? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அதுவரை பழைய கார்களைக் காப்பாற்றியதே இந்தப் பாவித்த பாகங்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பம்ப் தேவையென்று நிரூபணமானால் புதிதாகவே வாங்கி, அடியில் இருக்கும் சல்லடையையும் சேர்த்து மாற்றுங்கள்.

பம்ப் மாற்றச் சீட்டுக்குக் கீழே உள்ள டாங்க் மூடியைத் திறக்குமுன் பம்ப் பியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓடவிடுங்கள், தானாக நிற்கும். குழாயின் அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பற்றரியின் ஏர்த்தைக் கழற்றுங்கள். பீடி, சிகரெட், கையில் பிடிக்கும் பல்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

கடைசியாக, அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் ரோட்டு என்பதால் சொல்கிறேன். எஞ்சின் நின்றபின் பிரேக்குக்கு இரண்டு மூன்று மிதிக்குத்தான் வலு மிஞ்சியிருக்கும், அதன்பிறகு கட்டையாகிவிடும். ஏத்தத்தில் நின்றால் ஒரே மிதியில் பிடித்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, சில்லுக்குக் கல் வையுங்கள். சோதனையெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: எங்களிடம் பழைய லைட் ஏஸ் டீசல் வான் இருக்கிறது. காலையில் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை இருபது தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. டீசல் பம்பை ஓவரோல் பண்ண வேண்டுமாம். பெரிய செலவு சொல்கிறார்கள்.
வாசகி, ஹட்டன்

பதில்: கைப்பம்ப் அடித்ததும் ஒழுங்காக ஓடுகிறதென்றால் பெரிய பம்பை இப்போதைக்குத் தொடவேண்டாம். ராத்திரியில் எங்கேயோ காற்று புகுந்து, டீசல் டாங்குக்குத் திரும்பி இறங்குகிறது. உறிஞ்சும் குழாய் என்பதால் ஓட்டை இருந்தாலும் வெளியே டீசல் சொட்டாது. அதனால்தான் ஈரத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம், உள்ளே தெரிகிற குழாய் போட்டு, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா பாருங்கள். கைப்பம்பின் ரப்பர், பில்டர் வளையம், கிளிப் போட்ட பழைய ரப்பர் குழாய்கள், இந்த மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை: வானை வழக்கமாக முகம் ஏத்தத்தைப் பார்க்க நிறுத்துகிறீர்களா? இன்றிரவு திருப்பி, முகம் இறக்கத்தைப் பார்க்க நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, காலையில் எத்தனை தடவை அடிக்க வேண்டியிருந்தது என்று எழுதுங்கள்.