யாருடைய பாடல்? பழைய இந்தித் திரைப்பாடல்களில் பெயர்ப்பதிவும் ஆக்கியோர் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

திரைப்பாடல் பலர் கூடி ஆக்கும் படைப்பு. ஆயினும் அது மக்களிடம் சேரும்போது ஒருவரின் பெயரையோ இருவரின் பெயரையோ மட்டுமே தாங்கி நிற்கிறது. எப்பெயர் நிலைபெற்றது, எப்பெயர் விடுபட்டது, அதற்குக் காரணம் யாது என்னும் வினாக்களை 1949ஆம் ஆண்டுமுதல் வெளிவந்த சில இந்தித் திரைப்படங்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இசைத்தட்டு, வானொலி, விருது, சட்டம் ஆகிய நான்கு களங்களிலும் பெயர்ப்பதிவு ஒரே சீராக நிகழவில்லை என்பதும், பெயரும் உரிமையும் வெவ்வேறு காலங்களில் கிடைத்தன என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திரைப்பாடல், ஆக்கியோன் பெயர், கூற்று, பின்னணிப் பாடகர், பாடலாசிரியர், பதிப்புரிமை.

முன்னுரை

1931இல் அர்தேஷிர் இரானியின் இயக்கத்தில் வெளிவந்த ‘ஆலம் ஆரா’ இந்தியாவின் முதல் பேசும்படம். அதில் ஏழு பாடல்கள் இடம்பெற்றன. படச்சுருள் இன்று கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘இந்திரசபா’ ஏறத்தாழ 70 பாடல்களைக் கொண்டிருந்தது. அக்காலத்தில் நடிப்பவரே பாடினார். எனவே பாடியவர் யார் என்னும் வினா எழவில்லை. 1935இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தின் ‘தூப் சாவ்ன்’ படத்தில் பின்னணிப் பாடல் முறை கையாளப்பட்டது. அதன்பின் திரையில் தோன்றும் முகமும் செவியில் ஒலிக்கும் குரலும் வெவ்வேறாயின. பெயர்ச் சிக்கலின் தோற்றுவாய் இப்பிரிவே எனலாம்.

தமிழ்ச் செய்யுள் மரபில் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. அகப்பாடலில் பேசுபவர் தலைவி, தோழி முதலிய மாந்தர், பாடியவர் புலவர். இவ்விரண்டையும் குழப்பாமல் கூற்றும் புலவர் பெயரும் பாடலின் புறத்தே தனித்தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. இயற்பெயர் மறைந்த இடங்களில் செம்புலப்பெயனீரார் என்பதுபோலப் பாடலின் தொடராலேயே புலவருக்குப் பெயர் அமைந்தது. கூற்றுக்குரியோர் வேறு, ஆக்கியோர் வேறு என்னும் இவ்வேறுபாடே இக்கட்டுரையின் ஆய்வுக் கருவியாக அமைகிறது.

1. இசைத்தட்டில் கதைமாந்தர் பெயர்

பம்பாய் டாக்கீஸ் தயாரிப்பில் கமால் அம்ரோஹி இயக்கிய ‘மஹல்’ 1949இல் வெளிவந்தது. மதுபாலா திரையில் தோன்ற, மாளிகையின் இருளில் ஒலிக்கும் பாடலைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். அப்போது அவருக்கு வயது 20. இசை கேம்சந்த் பிரகாஷ். பாடலாசிரியர் நக்‌ஷப் ஜார்ச்சவி. ஆனால் இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்பட்ட சீட்டில் பாடியவராகக் ‘காமினி’ என்னும் பெயரே அச்சிடப்பட்டிருந்தது. காமினி என்பது கதையில் வரும் மாந்தரின் பெயர்.

இங்கு ஒரு நுட்பம் நோக்கத்தக்கது. கதைப்படி மாளிகையில் உலவும் பெண் காமினியும் அல்லள். ஆஷா என்னும் தோட்டக்காரர் மகளே இறந்துபோன காமினியாகத் தன்னைக் காட்டிக்கொள்கிறாள். ஆகவே இசைத்தட்டில் இருந்த பெயர் பாடியவரின் பெயரும் அன்று. நடித்தவரின் பெயரும் அன்று. கதைமாந்தரின் உண்மைப் பெயரும் அன்று. கதைக்குள் புனைந்துகொண்ட பெயரே ஆக்கியோன் பெயர் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. கூற்றுக்குரியோரையும் ஆக்கியோரையும் வேறுபடுத்தாமையின் உச்சநிலை இது.

பாடல் வானொலியில் ஒலித்தபின், பாடியவர் யார் என்று நேயர்கள் கேட்கத் தொடங்கினர் என்றும், வானொலியார் இசைத்தட்டு நிறுவனத்திடம் கேட்டறிந்து லதாவின் பெயரை அறிவித்தனர் என்றும் பரவலாகக் கூறப்படுகிறது. அப்பாடலின் இசையமைப்பாளரோ படம் வெளிவருமுன்னரே காலமாகிவிட்டார். பாடகரின் பெயரை வெளிக்கொணர்ந்தது சட்டமோ திறனாய்வோ அன்று; கேட்டவரின் வினாவே என்பது இச்செய்தியால் பெறப்படும்.

2. வானொலியும் விருதும்

1952இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் என்று கருதிய வானொலி, பாடகரின் பெயரை மட்டும் அறிவித்துப் படப்பெயரை விலக்கியது. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு இசைவைத் திரும்பப் பெற்றனர். ஒரு பாடலுடன் எப்பெயர் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பதே அரசுக்கும் திரையுலகிற்கும் இடையே பூசலாயிற்று. தயாரிப்பாளர்களைப் பொறுத்தவரை பாடலின் உடையவர் படமே. பாடகர் அதன் ஓர் உறுப்பு. வானொலியின் முறை இவ்வரிசையைத் தலைகீழாக்கியது.

இவ்விடைவெளியை இலங்கை வானொலி நிரப்பியது. 1952இன் இறுதியில் அமீன் சயானியின் குரலில் அங்குத் தொடங்கிய ‘பினாகா கீத்மாலா’ இந்தித் திரைப்பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தி ஒலிபரப்பியது. நேயர்கள் அகில இந்திய வானொலியை விட்டு அதன்பால் சென்றனர். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கப்பட்டதற்கு இச்சூழலும் காரணமாயிற்று.

விருதுகளிலும் இதே படிநிலையைக் காணலாம். 1954இல் தொடங்கிய ஃபிலிம்ஃபேர் விருதுகளில் இசையமைப்பாளருக்கு முதல் ஆண்டிலேயே இடம் இருந்தது. பாடகருக்கும் பாடலாசிரியருக்கும் இல்லை. ‘சோரி சோரி’ படத்திற்காகச் சங்கர்–ஜெய்கிஷன் இணையர் விருது பெற்ற விழாவில், அப்படத்தின் பாடலை மேடையில் பாட லதா மறுத்தார். பாடகருக்கெனத் தனி விருது இல்லாமையே அவர் கூறிய காரணம். 1959இல் பின்னணிப் பாடகருக்கும் பாடலாசிரியருக்கும் விருதுகள் ஏற்படுத்தப்பட்டன. ‘மதுமதி’ படப் பாடலுக்காக லதாவும் ‘யஹூதி’ படப் பாடலுக்காக ஷைலேந்திராவும் அவற்றை முதலிற் பெற்றனர்.

3. பாடலாசிரியர்: படத்தின் பெயரால் மறையும் தனிப்பெயர்

பாடகரின் பெயர் குரலால் அறியப்படும். பாடலாசிரியருக்கு அத்தகைய அடையாளம் இல்லை. அவர் சொற்கள் பிறர் குரலில், பிறர் மெட்டில், பிறர் முகத்தில் வெளிப்படுகின்றன. எனவே பதிவு தவறினால் முதலில் மறைவது அவர் பெயரே.

ராஜ் கபூரின் ‘பர்சாத்’ (1949) தக்க சான்றாகும். சங்கர்–ஜெய்கிஷன் இணையரும், பம்பாய் ரயில்வே பணிமனையில் வேலைசெய்த ஷைலேந்திராவும், பேருந்து நடத்துநராக இருந்த ஹஸ்ரத் ஜெய்ப்பூரியும் இப்படத்தின்வழி அறிமுகமாயினர். பிற்காலத்தில் இவ்விரு கவிஞர்களும் பெற்ற புகழால் படத்தின் பாடல்கள் அனைத்தும் அவர்களுடையனவே எனக் கருதும் போக்கு உருவாயிற்று. உண்மையில் காற்றில் பறக்கும் செந்நிற மெல்லாடையைப் பாடும் அப்படத்தின் புகழ்பெற்ற பாடலை எழுதியவர் ரமேஷ் சாஸ்திரி. புகழ்பெற்ற பெயர் புகழ்பெறாத பெயரை விழுங்கிவிடுவதற்கு இது எடுத்துக்காட்டு.

‘தீஸ்ரீ கசம்’ (1966) இன்னும் நுட்பமான சான்று. பணீஸ்வர்நாத் ரேணுவின் சிறுகதையைத் தழுவிய இப்படத்தைத் தயாரித்தவர் ஷைலேந்திரா. பாசு பட்டாச்சார்யா இயக்கினார். தாமே தயாரிப்பாளர் ஆயினும் எல்லாப் பாடல்களையும் ஷைலேந்திரா எழுதவில்லை; ஹஸ்ரத்துக்கும் இடமளித்தார். படம் வெளிவந்த ஆண்டின் டிசம்பர் 14ஆம் நாள் ஷைலேந்திரா மறைந்தார். பின்னர் அப்படம் சிறந்த படத்திற்கான தேசிய விருது பெற்றது. ‘ஷைலேந்திராவின் படம்’ என்று வழங்கப்படும் ஒன்றிலும் பாடல்தோறும் ஆசிரியரைத் தனித்தே தேடவேண்டியுள்ளது.

இத்தேடலுக்குத் துணைநிற்பவை திரையரங்குகளில் விற்கப்பட்ட பாட்டுப்புத்தகங்கள். கான்பூரைச் சேர்ந்த ஹர்மந்திர் சிங் ‘ஹம்ராஸ்’ பல தொகுதிகளாகத் தொகுத்த ‘இந்தி ஃபிலிம் கீத் கோஷ்’ இத்தகைய மூலங்களிலிருந்து பாடல், பாடகர், ஆசிரியர் விவரங்களைப் பதிவுசெய்துள்ளது. பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளாத இப்பணியை ஓர் ஆர்வலர் மேற்கொண்டார் என்பது ஆய்வுலகம் எண்ணிப்பார்க்கத்தக்கது.

4. பியாசா: பெயரே கதைப்பொருளாதல்

குரு தத்தின் ‘பியாசா’ (1957) இச்சிக்கலையே கதையாக்கிய படம். கவிஞன் விஜயின் எழுத்துப்படிகளை அவன் அண்ணன்மார் பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடுகின்றனர். குலாபோ என்னும் விலைமகளிடம் அவை சேர்கின்றன. விஜய் இறந்துவிட்டதாக நம்பப்பட்டபின் கவிதைகள் அச்சேறிப் பெரும்புகழ் பெறுகின்றன. அவன் உயிருடன் திரும்பும்போது, பதிப்பாளரும் அண்ணன்மாரும் அவனை அடையாளம் காட்ட மறுக்கின்றனர். இறந்த கவிஞனின் பெயரே அவர்களுக்கு வருவாய் தருகிறது. பின்னர் ஆதாயம் கருதி அவனை ஏற்க அவர்கள் முன்வரும்போது, தான் விஜய் அல்லன் என்று அவனே கூட்டத்தின்முன் அறிவிக்கிறான்.

பெயரைப் பறிப்பதும் பெயரைத் துறப்பதும் ஒரே படத்தில் அமைந்துள்ளன. விஜய் வாய்மொழியாக ஒலிக்கும் கவிதைகளை எழுதியவர் சாஹிர் லூதியான்வி. விலைமகளிர் தெருவைப் பற்றிய பாடல் அவர் முன்னரே எழுதி, ‘தல்கியான்’ தொகுப்பில் இடம்பெற்ற கவிதையிலிருந்து உருவானது. அக்கவிதையில் பாரசீகத் தொடராக அமைந்து திரும்பத் திரும்ப வரும் அடி, படத்திற்காக எளிய இந்துஸ்தானியாக மாற்றப்பட்டது. ஏட்டுக் கவிதை திரைப்பாடலாகும்போது சொல்நடை மாறினும் சமூகக் கண்டனம் மாறவில்லை. மாற்றத்தைச் செய்தவரும் மூல ஆசிரியரே என்பது குறிப்பிடத்தக்கது.

இப்படத்திற்குப் பின் சாஹிரும் இசையமைப்பாளர் எஸ். டி. பர்மனும் இணைந்து பணியாற்றவில்லை. பாடல்களின் வெற்றியில் சொல்லுக்கு மிகுதியான பங்கா, இசைக்கா என்னும் பூசலே அதற்குக் காரணம் என்பர். வானொலியில் பாடலாசிரியரின் பெயரும் அறிவிக்கப்படவேண்டும் என வலியுறுத்தியவராகவும் சாஹிர் நினைவுகூரப்படுகிறார்.

5. எழுதியும் பெயர் பெறாதோர்

பாடலாசிரியரினும் மறைந்து நிற்போர் வாத்தியக் கலைஞரும் இசைக்கோப்பாளரும் ஆவர். மெட்டுக்கேற்ப வயலின், கிளாரினெட், டிரம்பெட் முதலிய கருவிகளுக்குரிய பகுதிகளை மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதித் தருவது இசைக்கோப்பாளரின் பணி. பம்பாய்த் திரையுலகில் கோவாவைச் சேர்ந்த கலைஞர் பலர் இப்பணியில் இருந்தனர். சங்கர்–ஜெய்கிஷன் இசையில் நாம் கேட்கும் பெரிய வாத்தியக் குழுவின் அமைப்பில் செபஸ்டியன் டிசோசாவின் கை உண்டு. கிரிகரி பூத் இக்கலைஞர்களை நேர்கண்டு 2008இல் வெளியிட்ட ஆய்வுநூல் இவர்தம் பங்களிப்பை விரிவாக எடுத்துரைக்கிறது.

ஆன்டனி கோன்சால்வஸ் என்னும் வயலின் கலைஞர் இவர்களுள் ஒருவர். அவரிடம் வயலின் பயின்ற பியாரேலால், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் இணையராக இசையமைத்த ‘அமர் அக்பர் ஆன்டனி’ (1977) படத்தில் அமிதாப் பச்சன் ஏற்ற மாந்தருக்கு இப்பெயரே அமைந்தது; ஆசிரியருக்கு மாணவர் செலுத்திய வணக்கம் அது. பெயர் நாடெங்கும் பரவியது. ஆயினும் பெயருக்குரியவர் யார் என்பதைச் சிலரே அறிந்தனர். ‘மஹல்’ இசைத்தட்டில் கதைமாந்தரின் பெயர் உண்மைக் கலைஞரை மறைத்தது. இங்கோ உண்மைக் கலைஞரின் பெயர் கதைமாந்தரின் பெயராக வாழ்கிறது. இரண்டிடத்தும் கலைஞர் மறைந்தே இருக்கிறார்.

6. பெயரும் உரிமையும்

பெயர் கிடைத்தவுடன் உரிமை கிடைத்துவிடவில்லை. 1960களின் முற்பகுதியில் பாடகருக்கும் உரிமைத்தொகை வேண்டும் என லதா வற்புறுத்தினார். பாடியதற்குரிய ஊதியம் பெற்றபின் மேலும் கேட்டல் முறையன்று என முகமது ரஃபி கருதினார். இவ்வேறுபாட்டால் இருவரும் சில ஆண்டுகள் இணைந்து பாடவில்லை. இருவர் நிலைப்பாட்டிலும் நேர்மை உண்டு. பாடலைச் செய்துமுடித்த கூலிவேலையாகக் காண்பது ஒன்று; ஒலிக்குந்தோறும் பயன்தரும் ஆக்கமாகக் காண்பது மற்றொன்று.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்திலோ குறியீட்டிலோ அமைந்த இசையையே இசையாக்கமாகக் கொண்டது. 1977இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஊதியம் தந்து பாடலையும் இசையையும் ஆக்குவித்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் தனிக்குறிப்பு எழுதிய நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவருக்குச் சட்டம் காப்பளிக்காமையைச் சுட்டிக்காட்டினார். 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையைத் துறக்கவியலாதபடி உறுதிசெய்தது. இதற்காக மாநிலங்களவையில் வாதாடியவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். சாஹிர் மறைந்து 32 ஆண்டுகளும் ஷைலேந்திரா மறைந்து 46 ஆண்டுகளும் கழிந்தபின்னரே இது நிகழ்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, திரைப்பாடலில் பெயர் நிலைபெறுவது படைப்புப் பங்களிப்பின் அளவைப் பொறுத்ததன்று. எக்கருவியின் வழியாகப் பாடல் மக்களை அடைகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, பெயரும் உரிமையும் ஒன்றல்ல. பாடகருக்குப் பெயர் முந்தியும் சட்டக்காப்பு மிகப் பிந்தியும் கிடைத்தன. இசைக்கோப்பாளருக்குப் பெயரே இன்னும் முழுமையாகக் கிட்டவில்லை. மூன்றாவது, திரைப்பாடலை ஆராய்வோர் படத்தை அலகாகக் கொள்ளாது தனிப்பாடலை அலகாகக் கொள்ளவேண்டும். கூற்றுக்குரிய மாந்தர், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர், இசைக்கோப்பாளர் என ஐந்து நிலைகளையும் பிரித்துக் குறித்தல் வேண்டும்; அறியப்படாத இடத்தைப் புகழ்பெற்ற பெயரால் நிரப்பாமல் வெற்றிடமாகவே விடுதல் வேண்டும்.

பாடியவர் யார் என்று 1949இல் வானொலி நேயர் கேட்ட வினா எளியது. எழுதியவர் யார், வாத்தியப் பகுதியை அமைத்தவர் யார், வாசித்தவர் யார் என்று அவ்வினாவை நீட்டுவது இனி ஆய்வாளரின் கடமை.