கம்பெனி மூடினால் என்ன, கார் ஓடட்டும்! பழைய அமெரிக்கக் கார் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

ஷெட்டில் ஒரு ஸ்டூடிபேக்கரையோ, பாக்கார்டையோ, ஹட்சனையோ நிறுத்திவைத்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும் நண்பர்களே, இது உங்களுக்காக. நாஷ், ஹட்சன் இரண்டும் 1957-லும், பாக்கார்டு 1958-லும் கடையைக் கட்டிவிட்டன. ஸ்டூடிபேக்கர் மட்டும் கனடாவின் ஹாமில்டனில் 1966 மார்ச் வரை தாக்குப்பிடித்தது. இப்போது ஷோரூமும் இல்லை, சர்வீஸ் சென்டரும் இல்லை. எல்லாம் நம் கைவேலைதான். ஆயில் மாற்றுவது, கிரீஸ் அடிப்பது உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. வண்டி பார்க்கப் போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை ஒரு மெல்லிய கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போங்கள். தகரம் இருக்கும் இடத்தில் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் நழுவி விழும். 1948-க்குப் பிந்தைய ஹட்சனிலும் 1949-க்குப் பிந்தைய பெரிய நாஷிலும் பாடியும் சேஸிஸும் ஒரே உடம்பாகப் பற்றவைத்தவை. அடித்தளம் துருப்பிடித்திருந்தால் டிங்கரிங் செலவு வண்டி விலையைத் தாண்டிவிடும், பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

2. முதன்முதலாக வாங்குகிறீர்களா? நான்கு கதவு செடானாகப் பாருங்கள். இரண்டு கதவு, மடக்கு மேற்கூரை என்றாலே விலை எகிறும், எஞ்சின் என்னவோ அதேதான். 1959-ல் வந்த ஸ்டூடிபேக்கர் லார்க் சின்ன வண்டி, சிக்கல் இல்லாத வண்டி, வீட்டில் சண்டையும் குறைவாக வரும்.

3. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காரின் பெயரைச் சொல்லாதீர்கள், பாகத்தின் நம்பரைச் சொல்லுங்கள். 'ஹட்சன்' என்றதும் கையை விரிக்கிற கடைக்காரர், 'கார்ட்டர் கார்புரேட்டர், இந்த நம்பர்' என்றால் உள்ளே போய்த் தேடுவார். இந்தச் சின்ன கம்பெனிகள் பல சாமான்களை வெளியில்தான் வாங்கின: கார்புரேட்டர் கார்ட்டரிடமோ ஸ்ட்ராம்பர்க்கிடமோ, எலெக்ட்ரிக்கல் ஆட்டோ-லைட்டிடமோ டெல்கோ-ரெமியிடமோ, ஓவர்டிரைவ் போர்க்-வார்னரிடம். ஹட்சனில் வந்த ஹைட்ரா-மாட்டிக் கியர்பாக்ஸ்கூட ஜெனரல் மோட்டார்ஸ் சரக்குதான்.

4. ஸ்டூடிபேக்கர்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். அமெரிக்காவின் சவுத் பெண்ட் தொழிற்சாலை 1963 டிசம்பரில் மூடியபோது மிச்சமிருந்த பாகங்கள் பல ஆண்டுகளாக விற்பனைக்கு வந்தன, பழைய அட்டைப்பெட்டியோடு புதுச் சாமான் இன்றும் கிடைக்கிறது. ஸ்டூடிபேக்கர் டிரைவர்ஸ் கிளப் 1962-லேயே, அதாவது கம்பெனி உயிரோடு இருக்கும்போதே, ஆரம்பித்த சங்கம். அதில் சேர்ந்துவிட்டால் எந்தப் பாகம் யாரிடம் இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

5. பம்பாயில் பிரீமியர் கம்பெனி 1940-களின் கடைசியிலிருந்து டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ வண்டிகளைப் பூட்டி விற்றது. இவற்றில் டிசோட்டோவும் பிளைமவுத்தும் இப்போது இல்லை. ஊரில் தாத்தா வீட்டுப் பரணில் அந்தக் காலத்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வாட்டர் பம்ப் ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போடாதீர்கள்.

6. ஆறு வோல்ட் வண்டி காலையில் மெதுவாக முனகுகிறதே என்று பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றக் கிளம்பாதீர்கள், வீண் செலவு. பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான். அதே வேலைக்கு ஆறு வோல்ட்டில் இரண்டு மடங்கு மின்சாரம் ஓடவேண்டும், கடையில் தொங்கும் மெல்லிய கேபிள் தாங்காது. வெல்டிங் சாமான் விற்கும் கடையில் விரல் தடிமன் வெல்டிங் கேபிள் வாங்கி, இரண்டு முனையும் அடித்துக்கொள்ளுங்கள். எர்த் கேபிள் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள். பிறகு செல்ஃப் அடித்துப் பார்த்து, எஞ்சினை அணைத்துவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொடுங்கள். எது சுடுகிறதோ அங்கேதான் குறை.

7. ஆறு வோல்ட் காலத்து ஸ்டூடிபேக்கர், பாக்கார்டு, ஹட்சன் எல்லாவற்றிலும் பாசிட்டிவ்தான் எர்த். 1955, 56 பாக்கார்டு பன்னிரண்டு வோல்ட், ஆனால் அதிலும் எர்த் பாசிட்டிவ்தான், அங்கேதான் மெக்கானிக்குகள் ஏமாறுவார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள், உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரும் பிழைப்பார்.

8. பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் வாசலைன் தடவுங்கள்.

9. கோடையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நடுரோட்டில் நின்றுவிடுகிறதா? பெட்ரோல் குழாயில் வரிசையாக மரத் துணி கிளிப் மாட்டுவது அமெரிக்கர்களின் பழைய கைவைத்தியம். அதனால் பெரிய பலன் என்று சொல்லமாட்டேன். பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டால் கைமேல் பலன். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் குழாயை எக்ஸாஸ்ட் பக்கமிருந்து தள்ளிவிடுவதுதான். கிளிப்பை மட்டும் கழற்றாதீர்கள், பானெட்டைத் திறந்ததும் பேச்சு ஆரம்பிக்க அதைவிட நல்ல சாக்கு கிடையாது!

10. பழைய எஞ்சினுக்குள் துருவும் செதிலும் நிறைய இருக்கும், அவை ஓடிவந்து ரேடியேட்டரை அடைக்கும். கிழிந்த நைலான் ஸ்டாக்கிங்கின் பாதப் பகுதியை வெட்டி, மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் வாயில் பையாகச் செருகி கிளாம்ப் போடுங்கள். நாலைந்து தடவை ஓட்டிய பிறகு கழற்றிக் கொட்டுங்கள், வருவதைப் பார்த்தால் மலைத்துப்போவீர்கள்.

11. குரோமில் துருப்புள்ளி இருந்தால் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். 1950, 51 ஸ்டூடிபேக்கரின் அந்தக் கூர்மூக்கு இப்படித்தான் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். கொப்புளம் விட்டு உரிந்த குரோமை மட்டும் சீண்டாதீர்கள், கையோடு வந்துவிடும்.

12. மேடு ஏறும்போது வைப்பர் தூங்கிவிடும், பயப்படாதீர்கள். அது எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடுவது, ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு நொடி காலை எடுத்தால் மறுபடி ஓடும். கண்ணாடியில் தண்ணீர் ஒட்டாத திரவம் தடவிவைத்தால் பாதி வேலை மிச்சம்.

13. ஹட்சன் கிளட்ச் தனி ரகம்: தக்கை பதித்த தட்டு, ஆயிலில் ஊறியே வேலை செய்யும். கிளட்ச் வெட்டி இழுத்தால் முதலில் அந்த ஆயிலை மாற்றிப் பாருங்கள், அனேகமாக அதிலேயே சரியாகிவிடும். பிரிக்க வரும் மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஆயிலைப் பார்த்ததும் 'லீக்' என்று துடைத்துவிடுவார். 1952-ல் 34 நாஸ்கார் பந்தயங்களில் 27-ஐ ஜெயித்த ஹார்னெட் வம்சம் இது, கொஞ்சம் மரியாதையோடு தொடட்டும்.

14. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். காலையில் கறுப்பு என்றால் எஞ்சின் ஆயில், சிவப்பு என்றால் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், பச்சை என்றால் ரேடியேட்டர். பின்சக்கரத்துப் பக்கம் நிறமில்லாத ஈரமா? பிரேக் ஆயிலாக இருக்கும், வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

15. பனிக்காலத்தில் நிறுத்திவைக்கும்போது எக்ஸாஸ்ட் குழாயில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் ஒரு பந்து செருகினால் எலி குடிபுகாது. எடுக்க மறக்காமலிருக்க, சாவியில் ஒரு துண்டு நாரைக் கட்டுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம், எலி போனாலும் அந்த வாடை சீட்டைவிட்டுப் போகாது. மேலே பிளாஸ்டிக் தார்ப்பாய்க்குப் பதில் பருத்திப் போர்வை போடுங்கள்.

16. கதவு ரப்பருக்கு டால்கம் பவுடர், ஜன்னல் கண்ணாடி ஓடும் தடத்துக்கு மெழுகுவத்தி.

17. பிரேக்கில் மட்டும் காசு பார்க்காதீர்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன், ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுங்கள். ஹட்சனில் ஒரு புண்ணியம் உண்டு: ஆயில் போனாலும் பெடலை இன்னும் ஆழமாக மிதித்தால் கேபிள் வழியாகப் பின்பிரேக் பிடிக்கும். வருஷக்கணக்கில் அதற்கு வேலை இருக்காது, துருப்பிடித்து இறுகியிருக்கும், அதனால் வருஷம் ஒருமுறை பிடித்து இழுத்துப் பாருங்கள்.

18. சீட் மடங்கிப் படுக்கையாகும் நாஷ் இருந்தால் நெடும்பயணத்தில் ஹோட்டல் செலவு மிச்சம். ஆனால் 1949 ஏர்ஃப்ளைட்டில் முன்சக்கரத்தையும் மட்கார்டு மூடியிருக்கும், பஞ்சரானால் பெரிய பாடு. அதைச் சுலபமாகக் கழற்ற உங்கள் வீட்டில் ஏதாவது தந்திரம் உண்டா? இருந்தால் எழுதி அனுப்புங்கள், நாஷ் வீட்டுக்காரர்கள் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.