மீட்புப் படகில் மயிரிழை விரிசல்: மழைக்கு முன்பே சரிசெய்வோம்

2018 ஆகஸ்ட்டில் மேட்டூர் அணை நிரம்பி, பவானி ஆற்றிலும் வெள்ளம் வந்தபோது, பவானி, ஈரோடு பகுதிகளில் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாளில் படகில் ஏறும் முதியவர்களும் பிள்ளைகளும் அதன் அடித்தகட்டை நம்பித்தான் ஏறுகிறார்கள். பொதுப் பணத்தில் வாங்கிய மீட்புப் படகு ஓர் அமானிதம். அது சும்மா கிடக்கும் வெயில் மாதங்களில்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

அலுமினியம் இரும்பைப்போல் துருப்பிடிக்காது. ஆனால் மோட்டாரின் அதிர்வும் அலையின் அடியும் தகட்டை ஓயாமல் வளைக்கின்றன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல, தகட்டிலும் விரிசல் விழுகிறது. வெல்டிங் ஓரம், ரிவெட் வரிசை, மோட்டார் மாட்டும் பின்பலகை ஆகிய மூன்றையும் முதலில் பார்ப்போம்.

கசிவைக் கண்டுபிடிக்க: படகை மரக்கட்டைகளின்மேல் நன்கு தாங்கவைத்து, உள்ளே நான்கு விரல் உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குமேல் ஊற்றினால் எடையால் தகடு வளையும். அடியில் சொட்டும் இடத்தை மார்க்கரால் வட்டமிடுங்கள். ரிவெட்டில் கசிந்தால், ஒருவர் உள்ளே இரும்புக் கட்டியை அண்டைகொடுக்க, மற்றவர் வெளியே தட்டி இறுக்கலாம். தேய்ந்த ரிவெட்டை மாற்றிவிடுங்கள்.

விரிசலை நிறுத்த: விரிசலின் கூரான முனையில்தான் விசை முழுவதும் குவிகிறது. அதனால் மேலே பசை பூசினாலும் அடியில் அது நீண்டுகொண்டே போகும். இரு முனைகளிலும் 3 மி.மீ. துளை போட்டால் விசை வட்டத்தைச் சுற்றிப் பரவும். விரிசல் அங்கேயே நிற்கும்.

விரிசலை அடைக்க: பம்பு, மோட்டார் தொழில் நிறைந்த நம் கோவையில் ஆர்கான் வெல்டிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அலுமினியத்தில் கைப்பழக்கம் உள்ளவரிடமே கொடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படியும் ஆக்சைடு படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே எண்ணெயைத் துடைத்தபின், அலுமினியத்துக்கென்றே வைத்த எவர்சில்வர் பிரஷால் தேய்த்து, உடனே பற்றவைக்க வேண்டும். ஈரமோ எண்ணெயோ இருந்தால் பற்றுக்குள் ஊசித்துளைகள் விழும். பெட்ரோல் டேங்கையும், பற்றுமிடத்துக்கு அருகில் இருக்கைக்கடியில் உள்ள ஃபோமையும் முன்பே அகற்றிவிடுங்கள், தீப்பிடிக்கும்.

அவசரத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து ஈபாக்சி பூசலாம். அது கரை சேரும்வரைக்கான ஒட்டு மட்டுமே. இரும்பு, செம்புத் தகடுகளை வைத்து ஒட்டுப்போடாதீர்கள். தண்ணீர் பட்டால் அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்துவிடும்.

வேலை முடிந்ததும் மறுபடி தண்ணீர் ஊற்றிச் சோதித்து, தேதியை நோட்டில் எழுதுங்கள். அதே இடம் மீண்டும் வெடித்தாலோ, சட்டத்திலேயே விரிசல் இருந்தாலோ, படகு கட்டுபவர் பார்த்துச் சொல்லும்வரை ஆட்களை ஏற்ற வேண்டாம். இன்று ஒரு மணி நேரம் ஒதுக்கினால், வெள்ள நாளில் இன்ஷா அல்லாஹ் ஒரு குடும்பம் பத்திரமாகக் கரையேறும்.