கொண்டித்தொழுவும் ஊராரும்

பயிரை மேய்ந்த மாட்டை அடைத்து வைக்கும் கொண்டித்தொழுவைப் பவுண்டு என்றும் வழங்குகிறோம். 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் அதற்கு விதிகளை வகுத்தது. உரியவர் அபராதமும் தீனிச் செலவும் செலுத்தி மாட்டை மீட்க வேண்டும். எவரும் வராவிடில் மாடு ஏலம் போகும். ஆகவே தொழு என்றாலே தண்டனைக்குரிய இடம் என்னும் எண்ணம் வேரூன்றிவிட்டது. ஊருக்குப் புறத்தே உயர்ந்த சுவரும் பூட்டிய கதவுமாக அது நின்றால், உள்ளே தண்ணீர்த் தொட்டி வறண்டு கிடப்பதை யார் அறிவார்? வாயில்லா ஜீவன் யாரிடம் முறையிடும்?

ஊரார் நாள்தோறும் வந்து போகும் இடமாகத் தொழுவை அமைப்பதே இதற்குப் பரிகாரம் என்பது நம் கருத்து.

முதலில் இடம். வீடுகளுக்குச் சற்று விலகி, மாடுகள் மேய்ச்சலுக்குப் போகும் வழியில், நீர் தேங்காத மேட்டு நிலமாக அது இருக்கட்டும்.

அடுத்தது கொட்டகை. வெயில் மிகுந்த நம் பகுதிகளில் அதன் நீளம் கிழக்கு மேற்காக அமைதல் நலம். மாடு ஒன்றுக்குக் கூரையின்கீழ் சுமார் 40 சதுர அடியும், திறந்த முற்றத்தில் சுமார் 80 சதுர அடியும் வேண்டும். தரை வழுக்காமல், 40 அடிக்கு 1 அடி சரிவுடன் இருந்தால் கோமியம் வடிந்து எருக்குழியைச் சேரும். நோயுற்ற மாட்டிற்குத் தனியறை அவசியம்.

சுவர் இடுப்பளவு போதும். அதன்மேல் கம்பி வேலி இடலாம். சுவருக்கு உள்ளே ஒரு தொட்டியும், வழிப்போகும் ஆடுமாடுகளுக்காக வெளியே ஒரு தொட்டியும் கட்டுவோம். ஒரே குழாயிலிருந்து இரண்டிற்கும் நீர் பிரியட்டும். வெளித்தொட்டி வறண்டால் உள்ளேயும் நீரில்லை என்பதை ஊரே அறியும், கேட்கவும் செய்யும். ஆனால் ஒன்றின் நீர் மற்றொன்றில் கலத்தலாகாது. கோமாரி போன்ற நோய்கள் அவ்வழியே பரவக்கூடும்.

வாயிலருகே வேப்பமர நிழலில் ஒரு திண்ணை அமைந்தால், கால்நடைத் தடுப்பூசி முகாமையும் அங்கேயே நடத்தலாம். எருவை விற்ற பணம் தீனிச் செலவுக்கு உதவும்.

மேற்பார்வைக் குழுவில் பயிர் இழந்த விவசாயியும் மாடு வளர்ப்போரும் சேர்ந்து அமர வேண்டும். வந்த மாடு எத்தனை, மீட்கப்பட்டவை எத்தனை, இறந்தவை எத்தனை என்னும் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டுதல் முறையாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களே! அடிக்கல் நாட்டுமுன் வரைபடத்தைக் கிராம சபையில் விரித்து வையுங்கள். மாடு மேய்க்கும் முதியவர் சொல்லும் திருத்தத்தையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். யோசனை சொன்னவர்கள் நாளை ஒரு கட்டு வைக்கோலுடன் வருவார்கள்.