நரி ஊளையும் கரும்புக் காவலும்

பாலாற்றின் இருகரைகளிலும், விரிஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில், கரும்பு முற்றும் காலத்திலும் நிலக்கடலை காய் திரளும் காலத்திலும் 'நரி மேய்ந்துவிட்டது' என்னும் முறையீடு எழுவது வழக்கம். முறையீட்டைத் தொடர்ந்து இரண்டு காரியங்களில் ஏதேனும் ஒன்று நடைபெறுகிறது. ஆட்களையும் நாய்களையும் கூட்டிக்கொண்டு இரவில் நரியை மடக்க முயல்வது ஒன்று. இறைச்சியில் விஷமோ வெடியோ வைத்து வரப்பில் போடுவது மற்றொன்று. இவ்விரண்டும் சட்டத்துக்கு விரோதமானவை. அது ஒருபுறமிருக்க, பயிரைக் காக்கும் விஷயத்திலும் இவற்றால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. நரியை அழைத்துப் பிடித்த பழைய வித்தையில் ஒரு பாதி மாத்திரம் இன்றும் குடியானவர்களுக்குப் பயன்படக்கூடியது. நரியின் ஊளையைக் கேட்டறிவதே அப்பாதி.

முதலில் பெயர்க் குழப்பத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். நம் வட்டாரத்தில் நரி என்றும் குள்ளநரி என்றும் மாற்றி மாற்றி வழங்கப்படுபவை இரண்டு வெவ்வேறு ஜந்துக்கள். நரி ஏறக்குறைய 8 முதல் 11 கிலோ எடையுள்ளது. பழுப்பு மஞ்சள் நிறமும், முதுகில் கருமை கலந்த மயிரும் உடையது. குள்ளநரியோ மெலிந்த உடலும், நுனி கறுத்த புதர்வாலும் கொண்டது. எடையில் நரியின் மூன்றிலொரு பங்குதான் இருக்கும். இதுவே சேலம் பக்கத்தில் வங்கா நரி எனப்படுகிறது. குள்ளநரி எலி, பூச்சி, ஓணான் முதலியவற்றைத் தின்று, வெட்டவெளியில் வளை தோண்டி வாழ்வது. கரும்புக்கு அதனால் கெடுதி இல்லை என்றே சொல்லலாம். இரவில் பலகுரலாக எழும் நீண்ட ஊளை நரியினுடையது.

அழைக்கும் வித்தை

நரியை அழைத்துப் பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள் நரிக்குறவர் என்று வழங்கப்படும் வாக்ரி மக்கள். தெலுங்கர் இவர்களை 'நக்கல வாண்ட்லு', அதாவது நரிக்காரர், என்றனர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய நூலிலும், குருவிக்காரர் என்னும் தலைப்பின்கீழ், இவர்கள் நரி வேட்டையாடுவோராகக் குறிக்கப்பட்டுள்ளனர். நரி நடமாடும் தடத்தில் வலையைக் கட்டிவிட்டு, மறைவில் அமர்ந்து நரியைப்போலவே ஊளையிடுவது இவர்களது முறை. ஊளையைக் கேட்டு ஓடிவரும் நரி வலையில் சிக்கும். அயலூரார் இதை மந்திரமென்று நினைத்ததுண்டு. உண்மையில் இது நரியின் சுபாவத்தை நுட்பமாய் அறிந்ததன் பயனே. இவர்களைப் பட்டியல் பழங்குடியினரில் சேர்க்கும் சட்டம் 2022 டிசம்பரில் பார்லிமெண்டில் நிறைவேறியது. வேட்டை நின்று பல ஆண்டுகள் ஆகியும் பெயரைக்கொண்டு இவர்கள்மீது சந்தேகம் கொள்வது சில கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை. அது நியாயமன்று.

அந்தச் சுபாவம் யாதெனில், நரி ஜோடியாய் வாழ்வது. ஆணும் பெண்ணும் ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, குட்டிகளோடும், சில சமயம் முந்திய ஈற்றுக் குட்டிகளோடும் அதற்குள்ளே இரைதேடும். அந்தியிலும் விடியுமுன்னரும் குடும்பமாகச் சேர்ந்து ஊளையிடுவது 'இந்த இடம் எங்களுடையது' என்று அண்டைக் குடும்பத்துக்கு அறிவிப்பதாகும். தன் எல்லைக்குள் அந்நிய ஊளை கேட்டால் பதில் குரல் கொடுக்கும். சில வேளை நேரிலேயே வந்துவிடும். வலைக்காரர் பயன்படுத்திக்கொண்டது இதனையே. கிரேக்கம், ஹங்கேரி முதலான தேசங்களில் ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்த ஊளையை இரவில் ஒலிபரப்பி, வரும் பதில்களைக் கொண்டு நரிக்குடும்பங்களைக் கணக்கிடுகின்றனர். நம் குடியானவர்கள் இதைத் தாமாகச் செய்யலாகாது. துரத்துவதும், இரைகாட்டி இழுப்பதும், கண்ணி வைப்பதும் வேட்டையே என்று 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருள் கூறுகிறது.

ஆனால் நரி தானே ஊளையிடும்போது கேட்பதற்குத் தடையில்லை. இருவர், அரை மைல் இடைவெளியில் இரண்டு மேட்டில் அமர்ந்து, அந்தி மயங்கியபின் ஒரு மணி நேரம் காது கொடுக்கட்டும். ஊளை எழுந்த நேரத்தையும் திசையையும் தனித்தனியே குறித்து, நான்கைந்து நாள் கழித்து இரு குறிப்புகளையும் ஒப்பிட்டால், திசைகள் சந்திக்குமிடம் தெரியவரும். இதில் ஓர் எச்சரிக்கை: காது பெரிதும் ஏமாற்றும். இரண்டு நரிகள் குரலை ஏற்றி இறக்கி ஊளையிட்டால் பத்து நரி வந்திருப்பதாகவே தோன்றும். ஒரே திசையிலிருந்து சேர்ந்தெழும் ஊளையை ஒரு குடும்பம் என்றுமட்டும் எண்ணிக்கொள்வது சரியான கணக்கு. 'மந்தை மந்தையாய் நரி' என்று மனுவில் எழுதப்படுபவற்றில் பல இவ்விதம் கேட்டுப் பார்த்தால் ஒன்றிரண்டு ஜோடிகளாய்ச் சுருங்கக்கூடும்.

ஒரு ஜோடியைக் கொன்றால் என்ன ஆகும் என்பதையும் இதிலிருந்தே ஊகிக்கலாம். எல்லை காலியாகும், ஊளை நின்றதை அறிந்து இடமற்ற இளநரிகள் வந்து குடியேறும். அமெரிக்காவில் நம் நரியை ஒத்த கொயோட்டி என்னும் ஜந்து இதற்கு நல்ல சான்று. முயல் அடிபட்டு அலறுவதுபோன்ற ஓசையை ஊதுகுழலால் எழுப்பி, இரவில் விளக்கு வெளிச்சத்தில் அதைச் சுடுவது அங்கே வழக்கமான வேட்டை. ஆட்டு மந்தைகளைக் காக்கவேண்டிச் சர்க்காரும் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் துப்பாக்கி, கண்ணி, விஷம் ஆகிய மூன்றாலும் அதை அழிக்க முயன்றது. விஷத்தால் வேறு ஜந்துக்கள் மாண்டதன் பொருட்டு, 1972-இல் ஜனாதிபதி நிக்ஸன் சர்க்கார் நிலங்களில் அதன் உபயோகத்தை நிறுத்தி உத்தரவிட்டார். இத்தனைக்கும் பிறகு, முன்பு மேற்குச் சமவெளிகளில் மாத்திரம் இருந்த கொயோட்டி இன்று அலாஸ்கா முதல் பனாமா வரை பரவியிருக்கிறது. மிகுதியாய்க் கொல்லப்படும் இடங்களில் பெட்டைகள் இளவயதிலேயே ஈனுவதும், ஈற்றுக்குக் குட்டிகள் கூடுவதும் காணப்பட்டன.

நிறம் மாறிய நரி

கருநரியையோ வெள்ளைநரியையோ கண்டதாகச் செய்தி பரவினால் கூட்டம் கூடிவிடுகிறது. நிறம் மாறிய நரிகள் உண்டென்பது மெய்யே. வங்காளத்தில் கறுப்பு நரிகள் ஒருகாலத்தில் அபூர்வமல்ல என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன; துருக்கியிலும் கருநரி பதிவாகியுள்ளது. கொயோட்டியில் காணும் கருமை, முன்னோரில் நாயின் இரத்தம் கலந்ததால் வந்தது என்று கண்டறியப்பட்டிருக்கிறது. நரியும் நாயும் கலந்து பிறந்தவை ஐரோப்பாவில் குரோவேஷியா தேசத்தில் பரிசோதனையால் நிரூபிக்கப்பட்டன. ஆகவே தெருநாய்கள் மலிந்த இடத்தில், கால் வெளுத்தும் கழுத்து வெளுத்தும் காணும் 'நரி' நரியாய் இல்லாமலும் இருக்கலாம்.

நம் வட்டாரத்தில் காணப்படும் நிற மாறுதலுக்குப் பெரும்பாலும் வேறு காரணமே இருக்கும். சொறி பிடித்து மயிர் உதிர்ந்த நரி சாம்பல் நிறமாய், வால் மெலிந்து, இனம் தெரியாதபடி காணும். பகலில் தயக்கமின்றி மனிதரை அணுகும் நரியின் நிறத்தை ஆராய்வது அறிவீனம். வெறிநோய் என்று கருதி விலகவேண்டும்.

நிற நரியைப் பற்றிய ஆவலோடு ஒட்டி நடப்பது நரிக்கொம்பு வியாபாரம். நரிக்குக் கொம்பு கிடையாது. எலும்புத் துண்டின்மேல் மயிரோடு கூடிய தோலை இழுத்து ஒட்டியதே கொம்பு என்று விற்கப்படுகிறது. மாட்டுத்தோலையும் ஆட்டுத்தோலையும் தொட்டுப் பார்த்தே தரம் சொல்லக்கூடிய ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தவர்கள்கூட இதில் பணம் இழந்தால் அது வியப்புக்குரியது. நரித்தோலோ பல்லோ எதுவாயினும், வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம்.

சேதம் எதனுடையது

காவல் ஏற்பாட்டுக்கு முன் விடியற்காலையில் வயலைச் சுற்றிவந்து பார்ப்பது மிக அவசியம். நரி, சாய்ந்த கரும்பை வாய் எட்டும் உயரத்தில் குறுக்கே கடித்து மென்று, சாறுண்டபின் நாரைத் துப்பிவிட்டுப் போகும். எலியானால் அடிக்கணுக்களில் உளியால் செதுக்கியதுபோல் ஜோடிப் பல் தடம் விழும். காட்டுப்பன்றியோ தூரோடு முறித்து, நிலத்தை உழுததுபோல் கிளறிவிடும். நிலக்கடலையிலும் இவ்விதமே: நரி அங்கங்கே பறண்டி, காயை உடைத்துத் தோட்டை அவ்விடத்திலேயே விடும், எலி காயை வளைக்குக் கொண்டுபோகும், பன்றி சால்சாலாய்ப் புரட்டும்.

ஆற்றோரத்து வண்டலில் கால்தடம் தெளிவாய்ப் பதியும். நரித்தடம் நாய்த்தடத்தைவிடக் குறுகலானது. நடுவிரல்கள் இரண்டின் மெத்தைகளும் அடியில் ஒன்றாய் ஒட்டியிருக்கும். நாயினுடையதில் இவை பிரிந்தே நிற்கும். இந்த ஒரு அடையாளத்தை அறிந்தவர் நாயின் குற்றத்தை நரிமீது சுமத்தமாட்டார். ஆட்டுக்குட்டி காணாமற்போன வழக்குகளில் இதை முதலில் பார்க்கவேண்டும். நரியின் எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்தால் எலிமயிரும் இலந்தைக் கொட்டையும் இருப்பதைக் காணலாம். கடலைக்காட்டில் எலி செய்யும் நஷ்டத்தோடு நரி தின்னும் காயை ஒப்பிட்டால், நரியின் கணக்கில் வரவும் உண்டு என்பது விளங்கும்.

காவல் முறைகள்

கரும்பில் நரி தங்குவதற்கு இடம் தருவது உலர்ந்த சோகையும் சாய்ந்த கழியுமே. 5-ஆம் மாதத்திலும் 7-ஆம் மாதத்திலும் சோகை உரித்து, பிறகு விட்டம் கட்டிய வயலில் காற்றும் வெளிச்சமும் புகும். நரி படுப்பது குறையும். ஆலையின் கட்டிங் ஆர்டர் தாமதிக்கும் வயல்களில் முற்றிய கரும்பு சாய்ந்து கிடப்பதால் சேதம் மிகுதி. அங்கே ஓரத்து நாலைந்து பாரையாவது நிமிர்த்திக் கட்டுவது கூலிக்குத் தகுந்த வேலை. நிலக்கடலைக்கு, காய் முற்றும் கடைசி இரண்டு மூன்று வாரங்களுக்கு மாத்திரம் இராக்காவல் போதுமானது. காவலாளி ஒரே பரணில் ஒரே விளக்கோடு இருந்தால் நரி சில நாளில் பழகிவிடும்; இடத்தையும் ஓசையையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். எலிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பதும், ஆந்தை அமரக் கழிகள் நடுவதும் இத்துடன் சேர்ந்தவை.

இறைச்சிக் கழிவையும் செத்த கால்நடையையும் பச்சைத்தோலில் சுரண்டிய சவ்வையும் ஆற்றுமணலில் கொட்டும் வழக்கம் நரியையும் தெருநாயையும் ஒருங்கே வளர்க்கிறது. பக்கத்து வயல்காரர் எவ்வளவு காவல் காத்தாலும் இதை நிறுத்தாமல் பலன் காண்பதரிது. ஆழக் குழி தோண்டிப் புதைக்கச் செய்யும் பொறுப்பு பஞ்சாயத்தினுடையது.

மின்கம்பியிலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் விடும் கொடிய பழக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 2023 மார்ச்சில் தருமபுரி ஜில்லா மாரண்டஅள்ளி அருகே அத்தகைய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. மனிதர்களும் மாண்டிருக்கிறார்கள்.

கிராம அதிகாரிகள் கவனிக்க

2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள சட்டப்படி நரி முதல் அட்டவணையில் சேர்ந்தது. அதைக் கொல்வதற்குத் தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் ஆகும். மனித உயிருக்கு ஆபத்தான அல்லது தீராத நோயுற்ற நரியைப் பற்றி உத்தரவிடும் அதிகாரம் மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கே உண்டு; பயிர்ச்சேதம் அதற்குக் காரணமாகாது. 2025 ஜனவரியில், காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியை வன இலாகாவினர் சுடலாம் என்று தமிழ்நாட்டுச் சர்க்கார் செய்த முடிவை நரிக்கும் பொருத்திப் பேசுவது தவறு. அது பன்றிக்கு மட்டும் உரியது, சுடுவோரும் இலாகாவினரே.

2020 ஜூனில் திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இறைச்சியில் வெடி வைத்து நரியைக் கொன்றவர்கள் கைதாயினர். சேலம் ஜில்லா வாழப்பாடி வட்டாரத்தில், பொங்கலையொட்டி வங்கா நரியை வலையில் பிடித்து, அதன் முகத்தில் விழித்தால் நன்மை என்று ஊர்வலமாகக் கொண்டுவரும் வழக்கத்துக்கும் வன இலாகா அபராதம் விதித்துள்ளது. இவற்றைக் கிராமக் கூட்டத்தில் எடுத்துச் சொல்வது நல்லது. அறியாமல் செய்தேன் என்னும் வாதம் கோர்ட்டில் நிற்பதில்லை.

சேத மனு வந்தால் கிராம நிர்வாக அலுவலர் ஒரே நாளில் வயலைப் பார்வையிட்டு, கடித்த கரும்பு, தடம் ஆகியவற்றைப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்து, சர்வே எண்ணோடு வனச்சரகருக்கும் வேளாண்மை உதவி அலுவலருக்கும் அனுப்பவேண்டும். ஒரு மழை பெய்தாலும் தடம் அழிந்துவிடும். நரி எவரையேனும் கடித்திருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவச் செய்து, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பவேண்டும். ஆழ்ந்த கடியாயின் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். கடிபட்ட ஆடுமாடுகளைப் பற்றிக் கால்நடை மருத்துவருக்கு உடனே தெரிவித்து, அவர் சொல்லும்வரை கட்டி வைத்து, பாலையும் விலக்கிவைக்க வேண்டும்.