பிளவுபட்ட வியட்நாம்: டியெம் ஆட்சியும் அந்நியத் தலையீடும்



வியட்நாம் யுத்தம் பற்றி வினா வந்தால் பலர் ஒரே வசனத்துடன் நிறுத்திவிடுவர்: "வட வியட்நாம் தென் வியட்நாமைத் தாக்கியது, ஐக்கிய அமெரிக்கா தென் வியட்நாமுக்கு உதவியது." இது முற்றிலும் பிழையானதல்ல. ஆனால் "ஏன்" என்ற வினாவுக்கு இதில் விடை இல்லை. அமெரிக்காவிடமிருந்து பணமும் ஆயுதமும் தாராளமாகப் பெற்ற தென் வியட்நாம் அரசு 1963 இல் தனது சொந்த இராணுவத்தினாலேயே கவிழ்க்கப்பட்டது. அது ஏன்? இவ்வினாவை மனதிற் கொண்டு இப்பாடத்தைப் படியுங்கள்.

1. நாடு பிளவுபட்ட விதம்

வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகியன பிரான்ஸின் ஆட்சியின் கீழ் இந்தோ-சீனா என அழைக்கப்பட்டன. இரண்டாம் உலக யுத்த காலத்தில் யப்பானியர் அங்கு நிலைகொண்டனர். யப்பான் சரணடைந்ததும் 1945 செப்டெம்பர் 2 ஆம் திகதி ஹோ சி மின் ஹனோய் நகரில் சுதந்திரப் பிரகடனம் செய்தார். பிரான்ஸ் அதனை ஏற்கவில்லை. 1946 இல் தொடங்கிய யுத்தம் 1954 மே மாதம் டியன் பியன் பூ என்னுமிடத்தில் பிரான்ஸ் தோல்வியுற்றதுடன் முடிவை நெருங்கியது.

அவ்வேளையில் கொழும்பில் கூடிய இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பிரதமர்களும் இந்தோ-சீனாவில் யுத்தநிறுத்தம் வேண்டும் என வலியுறுத்தினர் என்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

1954 யூலை மாத ஜெனீவா இணக்கப்பாடுகளின் முக்கிய அம்சங்கள்:

(அ) 17 ஆவது அகலக்கோட்டையொட்டித் தற்காலிக இராணுவ எல்லை வகுக்கப்பட்டது.
(ஆ) விரும்பிய பகுதிக்குச் செல்ல மக்களுக்கு 300 நாட்கள் வழங்கப்பட்டன.
(இ) 1956 யூலையில் நாடு முழுவதற்கும் பொதுத்தேர்தல் நடத்தப்படும் எனக் கூறப்பட்டது.

நினைவிற் கொள்க: ஜெனீவாவில் இரண்டு நாடுகள் உருவாக்கப்படவில்லை. அக்கோடு அரசியல் எல்லையன்று என அங்கு தெளிவாகக் கூறப்பட்டது. இதனைத் தவறாக எழுதுவோர் பலர்.

2. டியெம் ஆட்சிக்கு வருதல்

நிகோ டின் டியெம் கத்தோலிக்கர். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த தேசியவாதி. 1933 இல் தமக்குக் கிடைத்த அமைச்சுப் பதவியைத் துறந்தவர். எனவே அவரை வெறும் "அமெரிக்கப் பொம்மை" என எழுதிவிட்டு நகர்வது போதாது. 1954 இல் முன்னாள் பேரரசர் பாவோ டாய் அவரைப் பிரதமராக நியமித்தார்.

1955 ஒக்டோபரில் பாவோ டாயை நீக்குவதற்கான சர்வசன வாக்கெடுப்பை டியெம் நடத்தினார். தமக்கு 98 வீதத்திற்கும் அதிகமான வாக்குகள் கிடைத்ததாக அறிவித்தார். சைகோன் நகரில் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஏறத்தாழ 450,000 பேர். டியெமுக்கு அளிக்கப்பட்டதாகக் கூறப்பட்ட வாக்குகளோ 605,000 இற்கும் அதிகம். இந்த ஓர் உதாரணமே அவ்வாட்சியின் தன்மையை விளக்கப் போதுமானது.

அதன் பின் குடியரசைப் பிரகடனம் செய்து சனாதிபதியான டியெம், 1956 பொதுத்தேர்தலை நடத்த மறுத்தார். ஜெனீவாவில் தாம் கையொப்பமிடவில்லை என்பதும், வடக்கில் சுதந்திரமான தேர்தல் நடைபெறாது என்பதும் அவரது வாதங்கள். ஹோ சி மின் வெல்லக்கூடும் என அஞ்சிய அமெரிக்கா இம்மறுப்பை ஆதரித்தது. இவ்வாறு தற்காலிகக் கோடு நிரந்தர எல்லையாயிற்று.

3. எதேச்சாதிகார ஆட்சியின் இயல்புகள்

• குடும்ப ஆட்சி: சகோதரர் நூ இரகசியப் பொலிஸையும் கான் லாவோ கட்சியையும் இயக்கினார். இன்னொரு சகோதரர் கான் மத்திய பகுதியில் அதிகாரம் செலுத்தினார். மூத்த சகோதரர் துக் ஹுவே நகரின் பேராயர்.

• கிராமங்களின் உரிமை பறிபோதல்: 1956 இல் கிராம சபைத் தேர்தல்கள் ஒழிக்கப்பட்டு, நியமன அதிகாரிகள் அனுப்பப்பட்டனர்.

• காணிப் பிரச்சினை: 1956 சீர்திருத்தத்தின்படி நிலவுடைமையாளர் 100 ஹெக்டேயர் வரை வைத்திருக்கலாம். பிரான்ஸுக்கு எதிரான யுத்தகாலத்தில் வியட்மின் இயக்கம் பகிர்ந்தளித்த காணிகளுக்கு விவசாயிகள் மீண்டும் குத்தகையோ விலையோ செலுத்த நேர்ந்தது.

• கடுமையான சட்டம்: 1959 ஆம் ஆண்டின் 10/59 சட்டத்தின் மூலம் விசேட இராணுவ நீதிமன்றங்கள் மேன்முறையீடின்றி மரண தண்டனை விதிக்க முடிந்தது.

• மதப் பாரபட்சம்: 1963 மே மாதம் ஹுவே நகரில் வெசாக் தினத்தன்று பௌத்த கொடி ஏற்றுவது தடைசெய்யப்பட்டது. சில நாட்களுக்கு முன் அதே நகரில் வத்திக்கான் கொடிகள் பறந்திருந்தன. எதிர்ப்புத் தெரிவித்த கூட்டத்தில் சிறுவர் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். தடைசெய்யப்பட்ட அக்கொடி 1885 இல் இலங்கையில் உருவானது என்பது குறிப்பிடத்தக்கது. யூன் 11 ஆம் திகதி திக் குவாங் டுக் என்னும் பிக்கு சைகோன் வீதியில் தீக்குளித்தார். அப்புகைப்படம் உலகை அதிரச் செய்தது.

வடக்கிலும் சனநாயகம் நிலவவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அங்கு ஒரு கட்சி ஆட்சியே இருந்தது. காணிச் சீர்திருத்தத்தின்போது ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1956 இல் அரசே தவறுகளை ஒப்புக்கொண்டது. இரு பக்கத்தையும் காட்டும் விடையே நடுநிலையான விடையாகும்.

4. அந்நியத் தலையீடு

ஒரு நாடு கம்யூனிசத்தின் வசமானால் அயல்நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீழும் என்னும் "டொமினோ" கோட்பாட்டை அமெரிக்கா நம்பியது. எனவே தென் வியட்நாம் இராணுவச் செலவின் பெரும்பகுதியை அதுவே ஏற்றது. மறுபுறம் சோவியத் ஒன்றியமும் சீனாவும் வடக்கிற்கு உதவின. வடக்கின் ஆதரவுடன் 1960 டிசெம்பரில் தெற்கில் தேசிய விடுதலை முன்னணி உருவாயிற்று.

1960 இறுதியில் ஏறத்தாழ 900 ஆக இருந்த அமெரிக்க இராணுவ ஆலோசகர்கள் 1963 இறுதியில் ஏறத்தாழ 16,000 ஆயினர். 1962 இல் விவசாயிகளை வேலியிட்ட குடியிருப்புகளுக்கு மாற்றும் திட்டம் தொடங்கியது. மூதாதையரின் காணியையும் கல்லறைகளையும் விட்டுப் பெயர்க்கப்பட்டோர் அரசை மேலும் வெறுத்தனர்.

1963 நவம்பர் முதலாம் திகதி இராணுவத் தளபதிகள் புரட்சி செய்தனர். அமெரிக்கா இதனை முன்னரே அறிந்தும் தடுக்கவில்லை. மறுநாள் டியெமும் நூவும் கொல்லப்பட்டனர். அடுத்தடுத்து அரசுகள் மாறின. 1965 மார்ச்சில் அமெரிக்கப் போர்ப்படைகள் டா நாங்கில் இறங்கின. 1969 இல் அவற்றின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 1973 பாரிஸ் உடன்படிக்கையுடன் அவை வெளியேறின. 1975 ஏப்ரல் 30 இல் சைகோன் வீழ்ந்தது; 1976 இல் நாடு ஒன்றிணைந்தது.

5. மாதிரி வினா

"தென் வியட்நாமில் டியெம் ஆட்சியின் வீழ்ச்சிக்கு அந்நிய உதவி தடையாக அமையவில்லை, மாறாக ஒரு காரணமாயிற்று." ஆராய்க.

விடைக்கான வழிகாட்டல்: முதலில் உதவியின் அளவைக் கூறுங்கள். அடுத்து, அது ஆட்சியாளரின் நடத்தையை எவ்வாறு மாற்றியது என விளக்குங்கள். வரிக்கும் படைக்கும் தன் மக்களை நம்பியிருக்கும் அரசு அவர்களது குறைகளைக் கேட்டே ஆக வேண்டும். பணம் வெளியிலிருந்து வந்தமையால் டியெம் விவசாயிக்கோ பிக்குவுக்கோ செவிசாய்க்கவில்லை. எதிர்ப்பு வளர்ந்தது, அதை அடக்க மேலும் ஆயுதம் தேவைப்பட்டது, ஆயுதம் வர எதிர்ப்பு மேலும் வளர்ந்தது. இறுதியில் உதவியவரே கைவிட்டபோது அவருக்குத் துணைநிற்க மக்கள் இருக்கவில்லை. வடக்கின் ஆதரவு பெற்ற ஆயுதப் போராட்டத்தையும் மற்றொரு காரணமாகக் காட்டி, உங்கள் முடிவை எழுதுங்கள்.

திகதிகளை மனனம் செய்வது அவசியம். ஆனால் ஒவ்வொரு திகதிக்கும் பக்கத்தில் "இதனால் என்ன நடந்தது?" என ஒரு வரி எழுதிப் பழகுங்கள். ஆராய்க என்று கேட்கும் வினாவுக்கு அந்த வரிகளே கைகொடுக்கும்.